ஹை என்று பேர் வைத்ததெல்லாம்

இங்கிலீஷில் எனக்கு ஆகாத வார்த்தை ஒன்று இருக்கிறது. ‘ஹை’. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே பஸ்ஸு, லைட்டு, டோக்கன் என்று கொஞ்சம்தான். அதிலும் ஒன்றைப் பகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே அத்தை என்று என் மருமகள் கேலி பண்ணுவாள். மனுஷரைப் பகைத்துக்கொள்ள எனக்கு வாய் வராது. நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் என் காதுக்கே எட்டாது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் முணுமுணுக்கிறவள் நான். வார்த்தையைத் திட்டினால் அது திருப்பித் திட்டாது. அதனால் திட்டுகிறேன்.

அதை முதலில் கேட்டது அஞ்சாவது முடித்த வெயில் காலத்தில். நான் பிறந்த தெருவில் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு முடிந்துவிடும். ஆறாவது படிக்க வேண்டுமென்றால் மரக்காணம் ஹைஸ்கூலுக்கு நடக்க வேண்டும். என் அண்ணன் நடந்தான். பொட்டைப்புள்ளைக்கு ஹைஸ்கூல் எதுக்கு என்று அப்பா என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப வருஷம் கழித்து ஓட்டுப் போட அந்த ஹைஸ்கூலுக்குள் போனேன். எங்கள் பள்ளிக்கூடம் மாதிரியே ஓடு போட்ட கட்டடம். அதே உயரம். அதே கம்பி போன சன்னல். இதுக்கா என்னை வேண்டாம் என்றார்கள் என்று, மை காயாத விரலோடு வாசலிலேயே நின்றேன். செத்துப்போன அப்பாவை அன்றைக்குத்தான் முதல்முதலாக மனசுக்குள் வாடா போடா என்று பேசினேன்.

அப்புறம் உப்பளத்தின் மேலே கம்பி இழுத்தார்கள். பனைமரத்தைவிட உயரமான இரும்புக் கோபுரம் நட்டு, மண்டையோடு வரைந்த தகடு மாட்டினார்கள். ஹை டென்ஷன் என்றார் மேஸ்திரி. உப்பு வாருகிற பலகைக்கு நீட்டுக் கழி இருக்கும். கம்பிக்குக் கீழே போகும்போது அதைத் தூக்கிப் பிடிக்காதீங்க, படுக்க வைத்து இழுத்துக்கொண்டு போங்க என்றார். பனி பெய்கிற காலையில் அந்தக் கம்பி வண்டு மாதிரி முனகும். அது எந்த ஊருக்கு வெளிச்சம் கொண்டுபோனதோ, எங்கள் வீட்டு பல்பு சாயங்காலம் ஆனால் சீக்குக் கோழி மாதிரித்தான் கண்ணைத் திறக்கும்.

பிறகு முச்சந்தியில் ஹைமாஸ் லைட் வந்தது. அது கல்யாண மண்டபத்துக்கு எரிகிறது. இலவச மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்து, ஹை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு இடத்தில்தான் அந்த வார்த்தையில் எனக்கும் பங்கு கிடைத்தது.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டு மருமகளைக் கேட்டேன். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என் மகன் சென்னையில் லாரி ஓட்டுகிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஹை என்றால் இன்னா அர்த்தம் என்றேன். உயரம் என்றாள். அதிகம் என்றாலும் அதுதான், பெரிய இடம் என்றாலும் அதுதான், குரலை ஏற்றிப் பேசினாலும் அதுதான், குடித்துவிட்டு மிதப்பாக இருந்தாலும் அதுதான் என்றாள்.

“அப்ப நம்ம தெருவுல பொழுது சாஞ்சா பாதிப் பேரு ஹைதான்னு சொல்லு” என்றேன்.

அவள் சிரித்ததில் கீரையெல்லாம் சிதறிவிட்டது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அன்றைக்கு ஹைவே இன்னும் எங்கள் தலைக்கு மேலே ஏறவில்லை.

எங்கள் தெரு மரக்காணம் தாண்டி, ரோட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் வாழ வந்தபோது ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு இரண்டு படி ஏறி வருவோம். ரோடு பள்ளம், வீடு மேடு. பிறகு ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டித் தார் ஊற்றினார்கள். முதலில் கீழ்ப்படி மறைந்தது. பிறகு மேல்படி. ஒரு மழைக்கு ரோட்டுத் தண்ணி நேராக நடைக்குள் வந்து அரிசிப் பானையை மிதக்கவிட்டது. அதற்கும் ஒன்றும் பேசவில்லை, அரிசியைக் காயவைத்தோம். போன வருஷம் நாலு வழி ஹைவே என்று வந்தார்கள். செம்மண் அடித்தார்கள், ரோலர் விட்டு அழுத்தினார்கள், திரும்ப அடித்தார்கள். வாசலில் நின்றால் முழங்கால் உயரத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கடைசியில் என் தலைக்கு மேலே லாரி டயர் ஓடுகிறது. ரோட்டில் போகிறவன் குனிந்து பார்த்தால் எங்கள் வீட்டு ஓடு தெரியும். நாங்கள் தெரிய மாட்டோம்.

இதுவும் போகட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. உப்பளத்தில் தண்ணி கட்டுகிற வேலை அவருக்கு. எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். ஒருநாள் விடியற்காலையில் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். பேச்சு வந்தது, கை கொஞ்சம் வந்தது, கால் வரவே இல்லை. முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் முகம் கழுவி, சட்டை மாட்டி, ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போவது. அங்கே அவரோடு உப்பளத்தில் கிடந்த நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் பேச்சு, ஒரு பேப்பர், சர்க்கரை போடாத டீ. திரும்பி வரும்போது ஊர்க்கதை எல்லாம் எனக்குக் கொண்டுவருவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

ரோடு ஏறினபிறகு நாற்காலி வாசலோடு நின்றுவிட்டது. மண் சரிவு செங்குத்தாக இருக்கிறது, ஆட்டுக்குட்டிதான் ஏறும். அவர் சட்டை மாட்டுவதை விட்டார். தாடி வளர்த்தார். சோற்றை இரண்டு வாய் பிசைந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். பேசினால் ம் என்பார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் பங்குக்கு முன்னால் ரோட்டிலிருந்து அழகாகச் சாய்வு போட்டுக் கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்துக்கும் போட்டார்கள். கடற்கரைப் பக்கம் ரிசார்ட் இருக்கிறதே, அங்கே சாய்வு போட்டு ஓரத்தில் பூச்செடியும் வைத்தார்கள். எங்கள் தெருவுக்கு இல்லை. மருமகள் போய் ரோடு வேலை பார்க்கிற இன்ஜினியரைக் கேட்டுவிட்டு வந்தாள். சின்னப் பையன்தானாம், மரியாதையாகத்தான் பேசினானாம். எல்லாம் டிசைனில் இருக்கிறது, ஹையர் அதாரிட்டிக்குச் சொல்லியிருக்கிறோம் என்றானாம். அது யார் என்று கேட்டேன். இவருக்கு மேலே இருக்கிறவர் என்றாள். அவர் எங்கே இருக்கிறார்? சென்னையில் இருப்பார், அவருக்கும் மேலே ஒருத்தர் டெல்லியில் இருப்பார் என்றாள். இந்த ஹையர் என்பது ஹைக்கும் மேலேயாம். என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போவதற்கு டெல்லியில் ஒருத்தர் தலை ஆட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா என்னோடு உப்புக்கூடை சுமந்தவள். என்னைவிட மூத்தவள், வாய்க்கும் கைக்கும் தயக்கமே கிடையாது. அவள்தான் சொன்னாள், எவன்கிட்டயும் கேக்க வேணாம், நாமளே மண்ணு போட்டுக்கலாம், வாழ்க்கை முழுக்க அதைத்தானே பண்ணோம் என்று. புரட்டாசி மாசம், அளத்தில் வேலை ஓய்ந்துபோன நேரம். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அளத்து ஓரத்துக் களிமண்ணைக் கூடையில் சுமந்துவந்து கொட்டினோம். எனக்கு முட்டி வலி, அரைக்கூடைதான் தூக்கினேன். என் வீட்டுக்காரரை வாசலில் உட்கார வைத்திருந்தோம். மண் விழ விழ அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பழையபடி அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார். அந்த ஓரம் தணிஞ்சிருக்குது, இன்னும் ரெண்டு கூடை போடு, மிதி, நல்லா மிதி என்று.

மிதிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து அளம் திறக்கும்போது உப்பு விளைகிற பாத்தியை நாங்கள் காலால் மிதிப்போம். வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, குதிகாலை அழுத்தி ஓர் அடி விடாமல் மிதிக்க வேண்டும். களிமண் இறுகிச் சிமெண்ட் தரை மாதிரி வழவழவென்று ஆகும். ஒரு சொட்டுத் தண்ணி கீழே இறங்கக் கூடாது, மேலே ஒரு பொடி மண் கிளம்பக் கூடாது. அப்போதுதான் உப்பு வெள்ளையாக வரும். கால் தானாகச் செய்கிற வேலை அது. அந்தக் கால்களோடுதான் நாங்கள் சரிவையும் மிதித்தோம். சாயங்காலத்துக்குள் அது பளபளவென்று இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வெடிப்பு இல்லை, மேடு பள்ளம் இல்லை, இந்த மாதிரி ஒரு மிதி பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்றார். ராத்திரி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நானும் மருமகளும் நாற்காலியைத் தள்ளி ஏற்றினோம். அவர் சவரம் பண்ணிக்கொண்டு ராஜா மாதிரி டீக்கடைக்குப் போனார். கிழவர்கள் எழுந்து நின்றார்களாம். அதற்கடுத்த நாளும் போனார்.

அப்புறம் ஒரு விடியற்காலையில் மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை, தூறல். நின்றதும் கிளம்பினோம். பாதிச் சரிவில் மருமகளின் கால் வழுக்கியது. அவளைப் பிடிக்கப் போய் நான் வழுக்கினேன். எண்ணெய் தடவின கல்லில் நிற்கிற மாதிரி இருந்தது, பிடிக்க ஒரு பிடி கரடு இல்லை. நாற்காலி பின்னால் ஓடி, எங்கள் வாசல் நிலையில் மோதி, அவர் தலைகுப்புற விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்து, நெற்றி புடைத்து, சட்டை முழுக்கச் சேறு. தெருவே ஓடிவந்தது. பக்கத்து வீட்டு அக்கா அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, சரிவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். மழைத்தண்ணி ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் அதன்மேல் கண்ணாடி மாதிரி நின்றிருந்தது.

“நாம சரிவு போடலடி. பாத்தி கட்டியிருக்கோம். இன்னும் நாலு நாள் வெயில் அடிச்சா உப்பு வாரிக்கலாம்” என்றாள்.

சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. நாங்கள் செய்தது தப்புத்தான். தண்ணியைத் தேக்குவதற்கல்லாமல் வேறு எதற்கும் எங்களுக்கு மண் மிதிக்கத் தெரியாது. ஆனால் எங்களை ஏன் அந்த மண்ணை மிதிக்க வைத்தார்கள்? ரிசார்ட்டுக்காரன் மண் சுமந்தானா? பெட்ரோல் பங்குக்காரன் பெண்டாட்டி குதிகாலால் மிதித்தாளா? அன்றைக்கு மத்தியானமே ஜேசிபி வந்து, ரோட்டு ஓரத்தில் மண் கொட்டக் கூடாது என்று அதையும் வழித்து எடுத்துப்போய்விட்டது. அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இந்தத் தடவை ம் என்றுகூடச் சொல்லவில்லை. கஞ்சியை ஊட்டினால் வாயோரம் வழியவிட்டார்.

இரண்டு மூன்று நாள் பார்த்தேன். ஒரு காலையில் நானே போய் அவருக்குச் சவரம் பண்ணிவிட்டேன். வெட்டிவிடுவேனோ என்று பயந்தாவது பேசுவார் என்று பார்த்தேன், பேசவில்லை. சட்டையை மாட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். நிரம்பின உப்புக்கூடையை யாரும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே வீச்சில் தூக்கிவிட வேண்டும். அந்த மாதிரி நாலு பேரும் நாற்காலியின் நாலு காலைப் பிடித்து அவரைத் தூக்கினோம். செம்மண் சரிவில் காலை ஊன்றி ஊன்றி ஏறினோம். பாதி வழியில் அவருக்கு வாய் வந்துவிட்டது.

“இன்னாமே இது, பொணத்தைத் தூக்குற மாதிரி?”

“பொணம் இவ்ளோ வெயிட்டும் இருக்காது, இவ்ளோ பேச்சும் பேசாது. கம்முனு உக்காருங்க மாமா” என்றாள் பின்னால் பிடித்திருந்தவள்.

மேலே கொண்டுபோய்ப் புதுத் தார் ரோட்டின் ஓரத்தில், வேலை நடக்கிற இடத்தில் நாற்காலியை வைத்தோம். வடக்கத்திப் பையன்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நம் பேச்சு தெரியாது. ஒருவன் வந்து பார்த்துவிட்டு, நாற்காலியை ரோலர் நிழலுக்கு நகர்த்தி வைத்து, குடிக்கத் தண்ணி கொடுத்தான். எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து கிழவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் கையில் டீ வந்தது.

இன்ஜினியருக்கு யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். ஜீப்பில் வந்து இறங்கினார். என் மகனைவிடச் சின்னவர். பாட்டிமா, இங்கே உட்காரக் கூடாது, பெரிய வண்டிகள் வரும், ஆபத்து என்றார். பக்கத்து வீட்டு அக்கா பேசுவாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியில் இருக்கிறது அவள் வீட்டுக்காரர் இல்லையே, என் வீட்டுக்காரர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

“சார், தூக்கிட்டு வந்தது நாங்க நாலு கிழவிங்க. எறக்குறதுக்குத் தெம்பு இல்ல. இவரு இப்ப உங்க ரோட்டுல இருக்காரு. எப்படி எறக்கணுமோ நீங்களே எறக்கி வீட்ல உட்டுடுங்க.”

அவர் சரிவை எட்டிப் பார்த்தார். கீழே எங்கள் ஓட்டைப் பார்த்தார். மேலே சொல்லியிருக்கிறோம், சொன்னோமே பாட்டிமா, ஹையர் அதாரிட்டி அப்ரூவ் பண்ண வேண்டும் என்றார்.

“அவரு எப்ப எறங்கி வருவாரு?” என்றேன்.

நான் சத்தம் போட்டேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். டீக்கடை வரைக்கும் கேட்டதாம். எனக்குத் தெரியாது. அந்தப் பையன்கள் ரோலரை நிறுத்திவிட்டார்கள். இன்ஜினியர் ஏன் பாட்டிமா இப்படி டென்ஷன் ஆகிறீர்கள் என்றார். பதில் சொன்னால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். கடைசியில் அவரும் டிரைவரும் வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இன்ஜினியரின் ஷூவெல்லாம் செம்மண். வழியெல்லாம் எங்கள் வீட்டுக்காரர், பாத்து தம்பி, இடது பக்கம் பள்ளம், பாத்து என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாளும் தூக்கிக்கொண்டு போனோம். அதற்கு மறுநாளும். மழை வந்தால் குடை பிடித்தோம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூனிக்குறுகித்தான் நின்றேன், ஆனால் நின்றேன். யாரும் மனு எழுதிக் கேட்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. ரோட்டில் ஒரு கிழவர் உட்கார்ந்து டீ குடிக்கிறார், அவ்வளவுதான். இறக்குவது அவர்கள் வேலை. பிறகு ஒரு காலையில் ஜல்லி லாரி வந்தது. இரண்டு நாளில் எங்கள் தெரு வாசலுக்குச் சாய்வு போட்டு, மேலே தாரும் ஊற்றிவிட்டுப் போனார்கள். ரிசார்ட்டுக்குப் போட்ட மாதிரி இல்லை, குத்துச்சாய்வு. இரண்டு பேர் மூச்சு வாங்கித் தள்ள வேண்டும். ஆனால் கரடாக இருந்தது, வழுக்கவில்லை. டெல்லியில் தலை ஆட்டினார்களா, இன்ஜினியருக்கு ஷூ தேய்ந்ததா, எனக்குத் தெரியாது.

அந்த வாரமே வார்டு மெம்பர் பிளெக்ஸ் கட்டிவிட்டார். சாய்வுக்குப் பக்கத்தில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிய படம். இன்ஜினியரைக் கூப்பிட்டு மாலை போட ஏற்பாடு. மெம்பர் வீட்டுக்கு வந்து, பயன் அடைந்தவங்க கையால் போர்த்தினால் நல்லா இருக்கும் ஆயா என்று, பிளாஸ்டிக் உறையில் இருந்த சால்வையை என் கையில் வைத்தார். போட்டோ எடுக்கிறவனும் வந்திருந்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினதில்லை. பழைய ஆளாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே போய்ப் போர்த்திவிட்டு வந்திருப்பேன். மறுத்துப் பேச வேண்டாம் என்பதற்காகவே போயிருப்பேன். சால்வையை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

“எங்க வாசலை எடுத்துக்கினாங்க. அதுல பாதியத் திருப்பிக் குடுத்திருக்காங்க. இதுக்கு எதுக்குப்பா சால்வ?”

மெம்பருக்கு முகம் கறுத்துவிட்டது. இப்படிப் பேசினால் நாளைக்கு எந்த அதிகாரி நம்ம தெருவுக்கு வருவான் என்றார். வேறு யாரோ போர்த்தினார்கள். எங்கள் வீட்டுக்காரரே என்னைக் கடிந்துகொண்டார். அந்தத் தம்பி பாவம், தூக்கிக்கொண்டு இறங்கினானே, அவனுக்கு ஒரு மரியாதை செய்தால் என்ன குறைந்துபோய்விடும் என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது வராத நியாயம் எல்லாம் இப்போது டீ குடித்தவுடன் வருகிறது. அன்றைக்கு அவருக்குக் குழம்பை மட்டும் ஊற்றினேன், கருவாட்டைக் கண்ணில் காட்டவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கார்த்திகை பிறக்கும்போது ரோட்டு நடுவில் சிமெண்ட் கட்டை வைத்தார்கள். வரிசையாக, இடைவெளி விடாமல். வண்டிகள் திரும்பிப் போக ரொம்பத் தூரம் தள்ளி ஒரு இடம் விட்டிருக்கிறார்களாம். வண்டி இருக்கிறவனுக்கு அது தூரம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சாய்வில் ஏறி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறார். டீக்கடை அந்தப் பக்கம். நடுவில் கட்டை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போய், கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்பி வந்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, விடுமே, காத்தாவது வாங்கினோம் என்றார். அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. இந்த மாதிரி ஒரு ‘விடுமே’யில்தான் அவர் போன தடவை சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மருமகள் இன்ஜினியருக்குப் போன் பண்ணினாள். வேலை முடிந்து அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். புது ஆள் யார் என்று அவருக்கும் தெரியவில்லையாம். பாட்டிமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாராம்.

மறுநாள் நான் எதையும் யோசிக்கவில்லை. அவரைச் சாய்வில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நான் மட்டும் ரோட்டில் இறங்கினேன். கட்டை இடுப்பு உயரம். அதன்மேல் வயிற்றைக் கொடுத்துப் புரண்டுதான் அந்தப் பக்கம் போக முடிந்தது, புடவை கிழிந்தது. டீக்கடையில் கிழவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவரால் வர முடியாது, உங்களால் முடியும், எழுந்து வாங்க என்றேன். முதலில் ஒருத்தரும் அசையவில்லை. லாரி அடித்துவிடும் என்றார்கள். ஒருத்தருக்கு ஆபரேஷன் பண்ணி முட்டி மாற்றினதாம். உப்பளத்தில் பாம்பைக் கையால் தூக்கிப் போட்டவங்கதானே நீங்க, நான் பொம்பளை தாண்டி வந்திருக்கேன் என்றேன். அதற்கு மேல் அவர்களால் உட்கார முடியவில்லை.

இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. டீக்கடைக்காரர் தூக்குவாளியில் டீ போட்டுக் கொடுத்துவிடுவார். கிழவர்கள் ஒவ்வொருத்தராகக் கட்டையில் ஏறி, உட்கார்ந்து, காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அதுவரை வண்டிகள் நிற்க வேண்டும். யார் நிறுத்துவது? நான்தான் நிற்கிறேன், ஹைவே நடுவில், கையை நீட்டிக்கொண்டு. சென்னைக்குப் போகிற பஸ்ஸும் நிற்கிறது, காரும் நிற்கிறது. ஹாரன் அடிக்கிறார்கள். கண்ணாடியை இறக்கிக் கத்துகிறார்கள். சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலையா கெழவி என்று நேற்று ஒரு லாரிக்காரன் கேட்டான். என் மகன் வயசு. லாரி ஓட்டுகிற என் மகனும் யாராவது ஒரு கிழவியை இப்படித்தான் கேட்டிருப்பான்.

“எங்க ஊட்டுக்காரரு டீ குடிக்கணும். நில்லு” என்றேன்.

முட்டி மாற்றினவர் கட்டை மேல் உட்கார்ந்துகொண்டு இன்னும் ஒரு காலைத் தூக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தார். ஹாரன் நிற்கவே இல்லை. சாய்வின் மேல் எங்கள் வீட்டுக்காரர் வாளியை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு, மெதுவா வாங்கடா, ஒண்ணும் அவசரம் இல்ல என்று கத்தினார்.